ஃபார்மட் அடிப்பதற்கு முன்: கணினித் துறை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டக் கல்லூரிகளில் கணினிப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கும், லேபைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் வணக்கம்.

நான் காட்பாடியில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் உங்கள் மாணவர்கள். குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாலாஜா, ஆற்காடு என்று பழைய வட ஆற்காட்டின் பல மூலைகளிலிருந்தும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வருகிறார்கள். வந்து நின்றதும் அவர்கள் சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணா, ஃபார்மட் அடிச்சுக் குடுத்துடுங்க." அதாவது, உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். என்ன கோளாறு என்று நான் இன்னும் கேட்டிருக்க மாட்டேன். அவர்களும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதற்குள் மருந்து முடிவாகிவிடுகிறது.

அந்த வாக்கியத்தை அவர்கள் எங்கே கற்றார்கள் என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். "லேப்ல அப்படித்தான் பண்ணுவாங்க" என்கிறார்கள். அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

போன கத்திரி வெயிலில் ஒரு மாணவி வந்தாள். அப்பா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் வேலை. தவணையில் வாங்கிய லேப்டாப், அதில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ். மூடியை மூடித் திறந்தால் ஸ்கிரீன் கறுப்பாகவே இருக்கும். ஃபேன் சுற்றும், கீபோர்டு விளக்கு எரியும், படம் மட்டும் வராது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தால்தான் உண்டு. இரண்டு மாதத்தில் மூன்று முறை ஃபார்மட் அடித்தாகிவிட்டது. லேபில் ஒரு முறை, விடுதியில் தோழி ஒரு முறை, வேறு ஒரு கடையில் ஒரு முறை. ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து நாள் ஒழுங்காக ஓடியிருக்கிறது, பிறகு அதே கறுப்பு. இரண்டாவது ஃபார்மட்டில் புராஜெக்ட் ரிப்போர்ட்டில் இரண்டு அத்தியாயம் போய்விட்டது. "லினக்ஸ்னாலே இப்படித்தான்னு சொல்றாங்கண்ணா. இன்னா பண்றதுன்னே தெரியல" என்றாள்.

அந்தப் பத்துப் பதினைந்து நாள் கணக்கில்தான் விஷயம் இருந்தது. மூன்று இடத்திலும் ஃபார்மட்டுக்குப் போட்ட பென் டிரைவ் எப்போதோ தயார் செய்து வைத்தது. அதிலுள்ள கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பழையது, அதில் இந்தக் கோளாறு இல்லை. ஃபார்மட் அடித்ததும் பழைய கெர்னல் வந்து உட்காரும், எல்லாம் சரியாகிவிடும். சில நாளில் அப்டேட் வரும். அதோடு புதிய கெர்னல் வரும், கோளாறும் கூடவே வரும். ஃபார்மட் வேலை செய்ததாக மூன்று பேரும் நம்பியதற்குக் காரணம் இதுதான். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் லாக் (நடந்ததை மெஷின் தானே எழுதி வைக்கும் குறிப்பு) முழுவதும் அழிந்துபோனது. எந்த அப்டேட்டுக்குப் பிறகு கோளாறு தொடங்கியது என்ற தடயமும் அதோடு போய்விட்டது.

நான் அன்றைக்கு எதையும் அழிக்கவில்லை. மெஷினை ஆன் செய்யும்போது வரும் கிரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். அதற்குள் போனால், முன்பு இருந்த கெர்னலும் பட்டியலில் நிற்கும். அதைத் தேர்ந்தெடுத்துத் திறந்து, ஐந்து முறை மூடியை மூடித் திறந்தோம். ஐந்து முறையும் படம் வந்தது. புதிய கெர்னலில் ஐந்து முறையும் வரவில்லை. அப்புறம், ஸ்கிரீன் கறுப்பாக இருக்கும்போதே வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து அதற்குப் பிங் (இருக்கிறாயா என்று நெட்வொர்க் வழியாகக் கேட்கும் சிறு செய்தி) அனுப்பிப் பார்த்தோம். பதில் வந்தது! அப்படியென்றால் மெஷின் விழித்துவிட்டது, வைஃபை விழித்துவிட்டது, படம் காட்டும் பகுதி மட்டும் விழிக்கவில்லை. கிராஃபிக்ஸ் டிரைவர் (படம் காட்டும் சிப்பை இயக்கும் மென்பொருள்) பக்கம் என்று இடம் சுருங்கியது. ஒரு ரூபாய் செலவில்லை, அரை மணி நேரம் ஆனது.

பிறகு 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையோடு கழித்தல் பி என்றும் கழித்தல் ஒன்று என்றும் சேர்த்து (journalctl -b -1), இதற்கு முந்தைய பூட்டின், அதாவது போன தடவை மெஷினை ஆன் செய்து ஓட்டியதன், லாகை எடுத்தோம். கடைசி இருபது வரிகளுக்குள் கிராஃபிக்ஸ் டிரைவரின் பெயரோடு ஒரு பிழைச் செய்தி கிடந்தது. (சில மெஷின்களில் இந்த லாக் நினைவகத்தில் மட்டும் இருக்கும், அணைத்தால் மறைந்துவிடும். 'வார்' ஃபோல்டருக்குள் இருக்கும் 'லாக்' ஃபோல்டரில் 'ஜர்னல்' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி வைத்தால் அடுத்த பூட்டிலிருந்து தங்கும். இதை உங்கள் லேப் மெஷின்கள் எல்லாவற்றிலும் இன்றைக்கே செய்யலாம்.) அந்த வரியை அப்படியே தேடியபோது, அதே கிராஃபிக்ஸ் சிப் வைத்திருக்கும் வேறு ஒருவர், மென்பொருளை எழுதுகிறவர்களுக்கு ஏற்கெனவே புகார் எழுதியிருந்தது தெரிந்தது. ஆனால் எந்தப் பதிப்பிலிருந்து கோளாறு தொடங்குகிறது என்று அவரால் சொல்ல முடியவில்லை.

அந்த வேலையை அந்தப் பெண்ணே செய்தாள். நல்ல கெர்னலுக்கும் கெட்ட கெர்னலுக்கும் நடுவே ஏழு பதிப்புகள் இருந்தன. நடுவில் உள்ளதை முதலில் போடு, நன்றாக இருந்தால் மேல் பாதி, இல்லையென்றால் கீழ் பாதி என்றேன். "இது பைனரி சர்ச்தானேண்ணா" என்றாள். ஆமாம், முதல் வருடத்தில் நீங்கள் பத்து எண்களை வரிசையாக வைத்து நடத்துகிறீர்களே, அதே பைனரி சர்ச். மூன்றே சோதனையில் கோளாறு நுழைந்த பதிப்பைப் பிடித்துவிட்டாள். கெர்னலை எழுதுகிறவர்கள் 'கிட் பைசெக்ட்' என்ற கட்டளையால் இதையேதான் செய்கிறார்கள். இரண்டு பதிப்புகளுக்கு இடையில் ஆயிரம் மாற்றங்கள் இருந்தாலும் பத்துச் சோதனைகள் போதும். தான் படித்த பாடம் தன் மடியில் இருக்கும் மெஷினுக்கு உதவியதைப் பார்த்தபோது அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்த வெளிச்சம் உங்கள் வகுப்புக்குச் சேர வேண்டியது, என் கடையில் வந்தது.

தான் கண்டதைப் பழைய புகாரின் கீழே எழுதினாள். சில நாள் கழித்து டிரைவரைக் கவனிக்கும் ஒருவர், இந்தத் திருத்தத்தைப் போட்டுப் பார்க்க முடியுமா என்று கேட்டார். பார்த்தாள், படம் வந்தது, சொன்னாள். பின்னால் வந்த அப்டேட்டில் அந்தத் திருத்தம் சேர்ந்தது. அந்த சிப் உள்ள லேப்டாப் எந்த நாட்டில் யாரிடம் இருந்தாலும் இப்போது மூடியைத் திறந்தால் படம் வரும்.

நம் ஊரில் சிஎம்சி ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்து பாருங்கள். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் லாட்ஜ் வாசலில் நிற்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஃபைல் இருக்கும். பழைய எக்ஸ்ரே, பழைய ரத்தப் பரிசோதனை, எந்த மாதம் காய்ச்சல் தொடங்கியது, எந்த மாத்திரைக்குக் குறைந்தது என்று எல்லாம் அதில் இருக்கும். அந்த ஃபைலைக் கிழித்துப் போட்டுவிட்டு டாக்டர் முன்னால் போய் உட்காருகிறவர் எவரும் இல்லை. லேப்டாப் விஷயத்தில் மட்டும் நாம் முதலில் ஃபைலைக் கிழிக்கிறோம்.

எல்லாக் கோளாறும் மென்பொருளால் வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேலூர் வெயிலில் தானாக அணைந்துபோகும் லேப்டாப்கள் மே மாதம் முழுக்க வரும். 'லினக்ஸ் பக்' (பக் என்றால் மென்பொருளில் உள்ள பிழை) என்று சொல்லி மெஷினை என்னிடம் கொடுப்பார்கள். லாகைப் பார்த்தால், வெப்பம் எல்லை தாண்டியதால் அணைக்கிறேன் என்று கெர்னலே எழுதி வைத்திருக்கும். ஃபேனில் தூசியைத் தட்டி, காய்ந்துபோன பேஸ்ட்டை மாற்றினால் முடிந்தது. ராமில் பழுது, சாகப்போகும் ஹார்டு டிஸ்க், கரண்ட் போனதும் படுத்துவிடும் பேட்டரி, இவற்றையும் முதலில் பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மென்பொருளை எழுதும் எங்கோ ஒருவர் தன் ஞாயிற்றுக்கிழமையை நம் தூசிக்காகச் செலவழிப்பார்.

புகார் எழுதுவது தனிக் கலை. அதை நாம் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. மாணவர்கள் எழுதியதாக நான் பார்த்தவற்றில் பாதி இப்படித்தான்: "லேப்டாப் வேலை செய்யவில்லை, மிக அவசரம், உதவுங்கள்." படிக்கிறவர் இதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அந்தப் பெண் எழுதியதன் சாரம் இது: "இந்த மாடல், இந்த கிராஃபிக்ஸ் சிப், இந்த கெர்னல். மூடியை மூடி அரை நிமிடம் கழித்துத் திறந்தேன். படம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. ஐந்துக்கு ஐந்து முறை. இதற்கு முந்தைய கெர்னலில் வருகிறது. நெட்வொர்க் பதில் தருகிறது. லாக் இணைத்திருக்கிறேன்." செய்தது, எதிர்பார்த்தது, நடந்தது, எத்தனைக்கு எத்தனை முறை. ஒரு புகாரில் ஒரு கோளாறு மட்டும். லாகை அனுப்புமுன் அதிலிருந்து யூசர் பெயர், வைஃபை பெயர் போன்ற சொந்த விவரங்களை எடுத்துவிட வேண்டும், இதையும் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள்.

எங்கே அனுப்புவது என்பதிலும் கஷ்டமில்லை. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனில் 'ரிப்போர்ட்பக்' என்ற கருவி புகாரை மின்னஞ்சலாக அனுப்பிவிடும், கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. இன்னொரு வகையான உபுண்டுவில் 'உபுண்டு-பக்' என்று அடித்தால் தேவையான விவரங்களை அதுவே திரட்டும், லாஞ்ச்பேடு என்ற அதன் புகார்த் தளத்தில் கணக்கு இருந்தால் போதும்.

ஆங்கிலம் என்ற பயம் ஒன்று இருக்கிறது. தமிழ் வழியில் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் இங்கேதான் பின்வாங்குகிறார்கள். மேலே சொன்ன புகாரில் ஏழெட்டுச் சொல்லைத் தாண்டும் வாக்கியம் ஏதாவது இருக்கிறதா? படிப்பவர்களிலும் பலர் ஜெர்மனியிலோ பிரேசிலிலோ ஜப்பானிலோ ஆங்கிலத்தைப் பிற்பாடு கற்றவர்கள்தான். அவர்களுக்கு இலக்கணத்தைவிட கெர்னல் எண் முக்கியம்.

இன்னொன்று எனக்கு இதைவிடவும் முக்கியம். சில பக்குகளை நம்மைத் தவிர வேறு யாராலும் பார்க்கவே முடியாது. ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு வேன் ஓட்டும் ஒருவர், பயணக் கணக்கை லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளில் தமிழில் எழுதி வைக்கிறார். 'ஸ்ரீபுரம்' என்று தேடினால் பாதிப் பயணங்கள்தான் கிடைக்கின்றன, கணக்கு உதைக்கிறது என்று வந்தார். காரணம் இதுதான். ஸ்ரீ என்பதைக் கணினியில் இரண்டு விதமாக எழுதலாம். பழைய வழக்கம் ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி. கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் யூனிகோடு தரம், 2005இல் தன் 4.1 பதிப்பில் ஶ என்ற எழுத்தைச் சேர்த்த பிறகு, அந்த எழுத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். அவர் ஒரு கீபோர்டிலும் அவர் மகன் வேறொரு கீபோர்டிலும் அடித்திருக்கிறார்கள். இந்தக் கோளாறை பெர்லினில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? நம் பிள்ளைகள் எழுதினால்தான் உண்டு.

பக் என்பதைத் தமிழில் வழு என்கிறார்கள். பள்ளி இலக்கணத்தில் வழாநிலை, வழு, வழுவமைதி என்று படித்தோமே, அந்த வழுதான். தவறு எது, தவறாக இருந்தாலும் காரணம் கருதி ஏற்றுக்கொண்டது எது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் நம் மொழிப் பாடத்திலேயே இருக்கிறது. புகார் எழுதும்போதும் இதே கேள்விதான் வரும். சில புகார்களுக்கு, இது தெரிந்தே இப்படி வைத்தது, மாற்றப் போவதில்லை என்று பதில் வரும். அது அவமானமில்லை, வழுவமைதி என்று மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.

சரி, நான் உங்களிடம் கேட்பது என்ன? ஒவ்வொரு மாணவரும் ஒரு செமஸ்டரில் ஓர் உண்மையான பக்கைக் கண்டு, அதை மறுபடி வரவழைத்து, புகார் எழுதி, கடைசிவரை பின்தொடரட்டும். லேப் ரெக்கார்டில் ஒரு பயிற்சியாக அதற்கு மதிப்பெண் கொடுங்கள். பக் சரியானால்தான் மதிப்பெண் என்று வைக்காதீர்கள், புகாரின் தரத்துக்குக் கொடுங்கள். ஏற்கெனவே உள்ள புகாரின் கீழே புதிய தகவல் சேர்ப்பதையும் கணக்கில் எடுங்கள், அது பல நேரம் புதிய புகாரைவிடப் பயன்படும். எண்ணிக்கையை மட்டும் இலக்காக வைக்க வேண்டாம். ஐம்பது மாணவர்கள் ஒரே வாரத்தில் அரைகுறைப் புகார்களை அனுப்பினால், அங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தொல்லைதான் மிஞ்சும். முதல் வரைவை நீங்கள் ஒரு முறை படித்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

லேபைப் பார்த்துக்கொள்பவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். உங்களிடம் ஒரே மாடலில் முப்பது, நாற்பது மெஷின்கள் இருக்கின்றன. ஒன்றில் வந்த கோளாறு மற்றவற்றிலும் வருகிறதா என்று பத்து நிமிடத்தில் சொல்லிவிட முடியும். தனி ஆளாக லேப்டாப் வைத்திருக்கும் யாருக்கும் இந்த வசதி கிடையாது. ஃபார்மட் அடிக்கப் பென் டிரைவைக் கையில் எடுப்பதற்கு முன் லாகை ஒரு நகல் எடுத்து, தேதி போட்டு வையுங்கள். சனிக்கிழமை வேலை முடிக்க வேண்டிய அவசரம் எனக்கும் தெரியும், நானும் அந்த அவசரத்தில் எத்தனையோ மெஷின்களை அழித்திருக்கிறேன். நகல் எடுத்த பிறகு ஃபார்மட் அடித்தால்கூடப் பரவாயில்லை.

கல்லூரி திறந்ததும் எந்த லேபுக்குக் கூப்பிட்டாலும் ஒரு மதிய நேரம் வந்து, இதை மாணவர்களோடு உட்கார்ந்து செய்து காட்டத் தயாராக இருக்கிறேன். பணம் எதுவும் வேண்டாம். புரொஜெக்டர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் சமாளித்துக்கொள்ளலாம். கோளாறுள்ள ஒரு மெஷினை மட்டும் கை வைக்காமல் அப்படியே எடுத்து வைத்திருங்கள்.

அன்புடன்,
காட்பாடியில் லேப்டாப் பழுது பார்க்கும் ஒருவன்