முதல் செய்தியிலேயே முழு விவரம் தந்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

வணக்கம். ஒவ்வொரு நாய் இனத்துக்கும் தனித்தனியே இயங்கும் மீட்புக் குழுக்களில், நாய்களை ஏற்கும் பொறுப்பில் இருப்பவர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. வீடிழந்த நாயைக் கண்டு எங்களுக்குத் தகவல் தந்தவர்கள், காப்பக ஊழியர்கள், கால்நடை மருத்துவர்கள், வண்டி ஓட்டியவர்கள், வளர்க்க முடியாத நிலையில் தங்கள் நாயை எங்களிடம் ஒப்படைத்தவர்கள் என உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. யார் செய்தது எதற்குப் பயன்பட்டது என்று குறிப்பாகச் சொல்லியே நன்றி கூற விரும்புகிறோம். நாளை வேறொருவர் ஒரு நாய்க்காக எழுத நேரும்போது இது கைகொடுக்கும்.

இனவாரி மீட்புக் குழுக்களில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. தன்னார்வலர்களின் வீடுகள்தான் தங்குமிடம். ஒரு வீட்டில் இடம் இருந்தாலும், அங்கே ஏற்கெனவே உள்ள நாயோடு புதிய நாய் ஒத்துப்போகுமா, பூனை இருக்கிறதா, கைக்குழந்தை இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஒப்புக்கொள்ள முடியும். "அழகான நாய், தயவுசெய்து காப்பாற்றுங்கள்" என்று மட்டும் வரும் செய்திக்கு நாங்கள் வரிசையாகக் கேள்விகள் அனுப்ப வேண்டியிருக்கிறது. பதில் வந்து சேர்வதற்குள் ஒரு நாள் போய்விடுகிறது. அதனால் இனம், ஆணா பெண்ணா, தோராய வயது, இருக்கும் ஊர், கெடு (எந்த நேரத்துக்குள் நாயை அங்கிருந்து எடுக்க வேண்டும்) ஆகிய ஐந்தையும் முதல் வரியிலேயே எழுதியவர்களுக்கு முதல் நன்றி. காப்பகத்தில் உள்ள நாயென்றால் காப்பகம் கொடுத்த எண்ணையும், அங்கே முடிவெடுக்கக்கூடியவரின் நேரடித் தொலைபேசி எண்ணையும் சிலர் சேர்த்திருந்தீர்கள். ஒரே காப்பகத்தில் மூன்று கறுப்பு லாப்ரடார் இருக்கக்கூடும். எண் இல்லாவிட்டால் வேறு நாய்க்குக் கையெழுத்துப் போட்டுவிடுவோம். "மிக மிக அவசரம்" என்று வரும்போது எதை விட்டுவிட்டு எதைப் பார்ப்பது என்று எங்களுக்குப் புரிவதில்லை. "வியாழன் மாலை 5 மணிக்குக் கருணைக்கொலை" என்று எழுதினால் புரிகிறது.

படம் எடுத்தவர்களுக்கு அடுத்த நன்றி. நாயைத் தரையில் நிற்கவைத்து, நீங்களும் குனிந்து, கேமராவை அதன் தோள் உயரத்தில் பிடித்துப் பக்கவாட்டில் எடுத்த ஒரு படம், முகத்துக்கு நேராக ஒன்று, உதட்டைத் தூக்கிக் காட்ட அது அனுமதித்தால் பல்லை ஒன்று. இந்த மூன்று படங்கள் போதும். மேலிருந்து எடுத்த படத்தில் தலை பெருத்து, கால் குட்டையாகித் தெரியும். அதை வைத்து இனத்தைச் சொல்ல முடியாது. கதவு, நாற்காலி போல உயரம் தெரிந்த பொருள் ஒன்று அருகில் இருப்பது நல்லது. நிறத்தைப் பார்த்து இனத்தைச் சொல்லிவிட வேண்டாம் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம். கறுப்பு உடலில் பழுப்புப் புள்ளிகள் இருப்பதாலேயே அது டாபர்மேன் என்றோ ராட்வைலர் என்றோ ஆகிவிடாது. எத்தனையோ கலப்பின நாய்களுக்கு அந்த நிறம் உண்டு. காப்பக அட்டையில் எழுதியிருக்கும் இனப்பெயர் பல நேரம் ஊகம்தான். மரபணுப் பரிசோதனையோடு ஒப்பிட்டால் கண்பார்வைக் கணிப்பு அடிக்கடி தவறுகிறது. "கலப்பாகவும் இருக்கலாம்" என்று நேர்மையாக எழுதியவர்களால் நாய்க்கு எந்த நட்டமும் வரவில்லை. கலப்பின நாய்களையும் ஏற்கும் குழுக்கள் பல உண்டு. ஏற்காத குழுவோ, ஆள் அனுப்பிய பிறகு கண்டுபிடிப்பதற்குப் பதிலாக அன்றே வேறு இடத்தைச் சொல்லிவிடும்.

வயதுக்குப் பல்லைப் பார்ப்பது குட்டிகளிடம்தான் நம்பகமானது. முன்பற்கள் சுமார் 3 முதல் 5 மாதத்தில் விழுந்து முளைக்கும். ஏழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்களும் வந்துவிடும். அதற்குப் பிறகு பல்லில் படிந்த கறை, உண்ட உணவையும் கடித்த பொருளையும் சார்ந்தது. "ஐந்து வயது" என்று அடித்துச் சொல்வதைவிட "நான்கிலிருந்து ஏழுக்குள்" என்று எழுதியதே எங்களுக்கு உதவியது.

மைக்ரோசிப்பைப் பொறுமையாகத் தேடியவர்களை மறக்கவே முடியாது. அடையாள எண் கொண்ட, அரிசிமணி அளவுள்ள அந்தச் சிப்பை வழக்கமாக இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் செலுத்துவார்கள். ஆனால் அது சில நேரம் நகர்ந்து முழங்கை வரைகூட இறங்கிவிடும். ஆகவே இரும்பு வளையம் கொண்ட காலரைக் கழற்றிவிட்டு, ஸ்கேனரை உடலோடு ஒட்டி மெதுவாக, கழுத்து, முதுகு, இரண்டு விலா, இரண்டு முன்னங்கால் என எல்லா இடத்திலும் ஓட்ட வேண்டும். ஒருமுறை சத்தம் வரவில்லை என்றால் சிப் இல்லை என்று அர்த்தமில்லை. சர்வதேசத் தரச் சிப் 134.2 கிலோஹெர்ட்ஸில் இயங்கும், 15 இலக்க எண் கொண்டது. பழைய சிப்கள் சில 125 அல்லது 128 கிலோஹெர்ட்ஸில் இயங்குபவை, எண்ணும் 9 அல்லது 10 இலக்கம்தான். எல்லா அலைவரிசையும் படிக்காத ஸ்கேனர் இவற்றைத் தவறவிடும். சிப்பில் பெயரோ முகவரியோ இருக்காது, இருப்பிடத்தையும் அது காட்டாது. எண்ணைப் பதிவேட்டில் தேடினால்தான் ஆள் தெரியும். எண்ணை எழுதும்போது கையால் நகலெடுக்காமல் ஸ்கேனர் திரையையே படமெடுத்து அனுப்பியவர்களுக்குச் சிறப்பு நன்றி. ஓர் இலக்கம் மாறினால் பதிவேடு வேறொருவர் வீட்டைக் காட்டக்கூடும்.

தெருவில் கண்டெடுத்த நாயை நாங்கள் உடனே வாங்கிக்கொள்ளாதது சிலருக்கு வருத்தம் தந்திருக்கும். கண்டெடுத்தவர் உரிமையாளர் ஆகமாட்டார். உரிமையாளர் தேடி வருவதற்குச் சட்டம் ஒரு காத்திருப்புக் காலம் வைத்திருக்கும். அதன் நீளம் இடத்துக்கு இடம் மாறும். அது முடியும் முன் நாங்கள் வேறு வீட்டில் சேர்த்தால், பிறகு உரிமையாளர் வந்து கேட்கும்போது நாய்தான் இரண்டு வீட்டுக்கும் இடையில் அலைக்கழியும். மெலிந்திருக்கிறது, காலர் இல்லை என்பதால் யாரோ கைவிட்டார்கள் என்று முடிவுகட்டாமல், காவல் நிலையத்திலும் காப்பகத்திலும் அறிவித்துவிட்டு எங்களுக்கு எழுதியவர்கள் சரியாகச் செய்தீர்கள். வீட்டிலிருந்து ஒப்படைக்கும்போதும் இதே கவனம் தேவை. சிப் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கையெழுத்திட வேண்டும். பிரிந்துவிட்ட தம்பதியில் ஒருவர் மட்டும் கொண்டுவந்து விடும் நாய், மற்றவர் கேட்டால் திரும்பிப் போக வேண்டியிருக்கும்.

இனி நாங்கள் மிகவும் கடன்பட்டிருக்கும் நன்றி: நாய் கடித்ததை மறைக்காமல் எழுதியவர்களுக்கு. அதை எழுதினால் யாரும் ஏற்கமாட்டார்கள் என்ற பயம் உங்களுக்கு இருந்திருக்கும். உண்மையில் "கடித்தது" என்ற ஒரு சொல்லுக்குள் பெரிய வேறுபாடுகள் உள்ளன. நடத்தை வல்லுநர் இயன் டன்பார் வகுத்த ஆறு நிலை அளவுகோலை நாங்கள் பயன்படுத்துகிறோம். பல் தோலில் படாமல் சீறியது முதல் நிலை. பல் பட்டும் துளை விழாதது இரண்டாம் நிலை. ஒரே கடியில் ஒன்று முதல் நான்கு துளைகள், அவை கோரைப்பல் நீளத்தில் பாதிக்கு மேல் ஆழம் போகாமல் இருந்தால் மூன்றாம் நிலை. பாதிக்கு மேல் ஆழம் போனால் நான்கு, அப்படிப் பல கடிகள் என்றால் ஐந்து, உயிரிழப்பு ஆறு. முதல் இரண்டு நிலைகளில் உள்ள நாய்களுக்குப் பயிற்சியும் பொருத்தமான வீடும் பெரும்பாலும் போதுமானவை. அதனால் யாரை, எப்போது, உடலில் எந்த இடத்தில், அதற்கு முந்தைய நிமிடம் என்ன நடந்தது, எத்தனை துளை, தையல் போட்டார்களா என்று எழுதியவர்கள் அந்த நாய்க்கு நல்லதே செய்தீர்கள். உணவுத் தட்டை எடுக்கும்போது ஒருமுறை கடித்த நாயும், தூங்கும் குழந்தையைத் தேடிப்போய்க் கடித்த நாயும் ஒன்றல்ல. மறைத்து வந்த நாய் எங்கள் வீடொன்றில் மறுபடி கடித்தால், அடி வாங்குவது ஒரு தன்னார்வலர். அதன் பிறகு அந்த நாய்க்கும் வழி அடைபட்டுவிடும். கடித்து 10 நாள் ஆகாத நாயை நகர்த்த எங்களிடம் கேட்க வேண்டாம். வெறிநோய்க்கான கண்காணிப்புக் காலம் அது. இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும்.

கடிக்கு வெளியேயும் இதே நேர்மையைக் காட்டியவர்கள் உண்டு. "குழந்தைகளோடு நன்றாகப் பழகும்" என்பதற்குப் பதில், "எட்டு வயதுப் பிள்ளையோடு ஓர் ஆண்டு இருந்தது, தவழும் குழந்தையைப் பார்த்ததில்லை" என்று எழுதினீர்கள். பார்க்காததைப் பார்க்கவில்லை என்று எழுதிய அந்த ஒரு வரியால் தவறான வீடு ஒன்று தவிர்க்கப்பட்டது.

கால்நடை மருத்துவர்களுக்கு நன்றி சொல்ல நிறைய இருக்கிறது. இனம் தெரிந்தால் சிகிச்சையே மாறும் என்பதை உணர்ந்து முதலில் எங்களைக் கேட்டீர்கள். காலி (Collie), ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட், ஷெட்லண்ட் ஷீப்டாக் இனங்களில், சில மருந்துகளை மூளைக்குள் போகாமல் தடுக்கும் எம்டிஆர்1 மரபணுவில் மாற்றம் பரவலாக உண்டு. அது உள்ள நாய்க்கு ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து மூளைக்குள் புகுந்துவிடும். இதயப்புழுத் தடுப்புக்குக் கொடுக்கும் கிலோவுக்கு 6 மைக்ரோகிராம் தாங்கும். டெமோடெக்ஸ் என்ற நுண்ணிய உண்ணியால் வரும் சொறிக்குக் கொடுக்கும் 300 முதல் 600 மைக்ரோகிராம் தள்ளாட்டத்தில் தொடங்கி மயக்கத்தில் கொண்டுபோய் விடும். சொறியோடு காப்பகத்துக்கு வந்த காலிக்கு ஊசி போடும் முன் யாரோ ஒருவர் கேட்டது எவ்வளவு பெரிய காரியம்! டாக்ஸ்ஹண்ட் பின்னங்காலை இழுத்து நடந்தால் அது பலவீனம் என்று விட்டுவிடக்கூடாது, முதுகுத்தட்டு விலகியிருக்கலாம்; அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும், தூக்கும்போது மார்பையும் பின்புறத்தையும் ஒருசேரத் தாங்க வேண்டும். கிரேட் டேன் போன்ற ஆழமார்பு நாய் வயிறு உப்பி, வாந்தி வராமல் குமட்டினால் எங்கள் பதிலுக்குக் காத்திருக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள். இப்படி ஓடிவிட்டு அப்புறம் எழுதியவர்களுக்கும் நன்றி.

தடுப்பூசித் தேதியோடு, காப்பகத்துக்குள் வந்த தேதியையும் கேட்பதற்குக் காரணம் உண்டு. கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு உண்டாக்கும் பார்வோ கிருமி உடலில் புகுந்து அறிகுறி தெரிய பெரும்பாலும் ஒரு வாரம், சில நேரம் இரண்டு வாரம் ஆகும். இன்று துள்ளும் குட்டி நாளை மறுநாள் படுத்துவிடலாம். அப்படிப்பட்ட குட்டிகளை மற்ற குட்டிகள் இல்லாத வீட்டில் தனியே வைக்கிறோம். இதயப்புழுச் சோதனையும் தொற்றிய ஆறு மாதம் வரை இல்லை என்றே காட்டக்கூடும். ஆகவே சோதனை செய்த தேதி இல்லாமல் முடிவு மட்டும் வந்தால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கருத்தடை செய்யாத பெண் நாய் என்றால் கடைசியாகப் பருவத்துக்கு வந்த தேதியும் வேண்டும். கர்ப்பக்காலம் சுமார் 63 நாள்தான்.

ஒரே நாய்க்குப் பல குழுக்களிடம் எழுதுவதில் தவறில்லை. ஆனால் யாரிடமெல்லாம் எழுதினீர்கள் என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் ஒரு நாய்க்காக இரண்டு வண்டிகள் கிளம்பும், இன்னொரு நாய்க்கு வண்டியே இருக்காது. இடம் கிடைத்ததும் மற்ற எல்லோருக்கும் ஒரு வரி எழுதியவர்களால் எங்கள் வீடொன்று உடனே அடுத்த நாய்க்குக் கிடைத்தது.

வண்டி ஓட்டியவர்களே, காலரில் ஒன்று, வழுக்காத சுருக்குக் கயிற்றில் ஒன்று என இரட்டைப் பிடி போட்டீர்கள். கயிறு கையில் இருந்த பிறகே கதவைத் திறந்தீர்கள். கிரேஹவுண்டுக்குக் கழுத்தைவிடத் தலை குறுகல் என்பதால் சாதாரணக் காலரிலிருந்து உருவிக்கொண்டு ஓடிவிடும். அதற்கு, நாய் இழுத்தால் அளவோடு இறுகும் மார்டிங்கேல் காலர் கேட்டு வாங்கிப் போட்டீர்கள். பக், புல்டாக் போன்ற தட்டை மூக்கு நாய்களை வெயில் ஏறும் முன் கொண்டு சேர்த்தீர்கள். வழியில் தப்பும் நாய்க்கு அந்த ஊரில் எந்த வாசனையும் பழக்கமில்லை, மீட்பது மிகக் கடினம். உங்கள் கவனத்தின் மதிப்பு எங்களுக்குத் தெரியும்.

தங்கள் நாயை ஒப்படைத்த குடும்பங்களுக்கு ஒன்று. மருத்துவக் கோப்பின் அசலையும், மருந்து இருந்தால் இரண்டு வாரத்துக்கானதையும், வழக்கமான உணவில் ஒரு வாரத்துக்கானதையும், துவைக்காத படுக்கைத் துணியையும் கொடுத்தீர்கள். உணவைத் திடீரென மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும். ஒரு வாரத்தில் சிறிது சிறிதாகக் கலந்து மாற்ற அது உதவியது. நாய்க்கு எந்த மொழியில் என்ன கட்டளை பழக்கம், இரவில் எங்கே படுக்கும், இடிச்சத்தத்துக்கு எங்கே ஒளியும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தவர்களின் தாள் இப்போது அந்தந்த நாயின் புதிய வீட்டில் இருக்கிறது. ஒப்படைத்த பிறகும் எங்கள் அழைப்பை எடுத்துப் பதில் சொல்லிவருகிறீர்கள். உங்கள் எண் மாறினால் எங்களுக்குத் தெரிவியுங்கள்.

நன்றியுடன்,
இன மீட்புக் குழுக்களின் ஏற்பு ஒருங்கிணைப்பாளர்கள்