மதினிக்கு ஒரு பாக்ஸிங் கடிதம்

அன்புள்ள மதினிக்கு,

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் என் போனை எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரு மண்டைய உடைச்சுக்கிறத வேடிக்கை பார்க்கிறதுல அப்படி என்ன தம்பி சந்தோஷம்?" என்று கேட்டீர்கள். அமெரிக்காவில் சனிக்கிழமை ராத்திரி நடக்கும் போட்டி நம் தங்கச்சிமடத்துக்கு ஞாயிறு காலையில்தான் வந்து சேரும். பாதி ரவுண்டில் உங்களுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. கேள்வி நியாயமானது. அதனால் எழுத்தில் சொல்கிறேன்.

இந்தப் பிரியத்தை எனக்குக் கொடுத்தவர் சித்தப்பா. காசிமேட்டில் போட்டில் வேலை பார்த்த காலத்தில் வடசென்னையில் பாக்ஸிங் எங்கே நடந்தாலும் போய்விடுவாராம். 1980ல் முகமது அலி சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் இன்னொரு அமெரிக்க வீரர் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டியில் இறங்கிய கதையை ஊருக்கு வரும்போதெல்லாம் சொல்வார். எனக்கு அவர் சொல்லித்தந்த முதல் பாடம்: "கையப் பாக்காதடா, காலப் பாரு."

காலைப் பார்த்தால்தான் அங்கே நடப்பது புரியும். யார் யாரை மூலைக்கு ஓட்டுகிறார், யார் அரை அடி பின்னால் நகர்ந்து எதிராளியின் குத்தை வீணாக்குகிறார் என்பதெல்லாம் காலில்தான் தெரியும். முன்கையை நீட்டி நீட்டிக் குத்துவதற்கு ஜாப் என்று பெயர். வலிக்க வைப்பது அதன் பாதி வேலைதான். தூரத்தை அளக்கவும், எதிராளியின் கண்ணை மறைக்கவும், பின்னால் வரப்போகும் வலுவான கையை ஒளித்து வைக்கவும் அது வேண்டும். வலப்பக்க விலாவுக்குக் கீழே ஈரல் இருக்கிறது. அங்கே ஒரு குத்து சரியாக இறங்கினால், வாங்கியவர் ஒரு நொடி ஒன்றும் நடக்காதது மாதிரி நிற்பார். அப்புறம்தான் கால் மடங்கி உட்காருவார். பழகிய ரசிகன் அந்த ஒரு நொடிக்குள்ளேயே எழுந்து நின்றுவிடுவான்.

ஒரு ரவுண்டு என்றால் மூன்று நிமிடம் சண்டை, அப்புறம் ஒரு நிமிடம் ஓய்வு. ரவுண்டை ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்குப் பெரும்பாலும் 9. நானும் சித்தப்பாவும் ஆளுக்கொரு தாளில் மார்க் போட்டு, கடைசியில் நடுவர்களோடும் எங்களுக்குள்ளும் சண்டை போடுவோம். அதுவும் ஒரு சந்தோஷம்தான் மதினி.

ஆனால் என்னை இந்த விளையாட்டோடு கட்டிப் போட்டது இதெல்லாம் இல்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த மனிதர்களை நான் அங்கேதான் பார்த்தேன்.

1974 அக்டோபர் 30, ஆப்பிரிக்காவில் கின்ஷாசா நகரம். சாம்பியன் ஜார்ஜ் ஃபோர்மனுக்கு வயது 25. முந்தைய சாம்பியன் ஜோ ஃப்ரேசியரையே இரண்டு ரவுண்டுக்குள் ஆறு முறை கீழே தள்ளியவர். அலிக்கு வயது 32. எல்லாரும் அலிக்காகப் பயந்தார்கள். அவரோ கயிற்றில் சாய்ந்துகொண்டு, முகத்தையும் விலாவையும் கைகளால் மூடி, 'அடி' என்று விட்டுவிட்டார். ஃபோர்மன் அடித்து அடித்தே களைத்துப் போனார். எட்டாவது ரவுண்டில் அலி வரிசையாகக் கொடுத்த குத்துகளில் அந்தப் பெரிய உடம்பு சுழன்று விழ ஆரம்பித்தது. அலியின் வலக்கை இன்னொரு குத்துக்குத் தயாராக ஓங்கியிருந்தது. விழுகிற ஆளைச் சுற்றி வந்தாரே தவிர, அந்தக் கையை அவர் இறக்கவில்லை. அதைப் பிற்காலத்தில் ஃபோர்மனே வியந்து சொல்லியிருக்கிறார். பாக்ஸிங்கில் நான் பார்த்த மிக அழகான குத்து, குத்தப்படாத அந்தக் குத்துதான்.

அடுத்த வருடம் மணிலா. 1975 அக்டோபர் 1, காலையில் தொடங்கிய போட்டி. உள்ளே தாங்க முடியாத வெக்கை. அலியும் ஃப்ரேசியரும் 14 ரவுண்டு விடாமல் மோதினார்கள். ஃப்ரேசியருக்கு ஒரு கண்ணில் முன்பே பார்வை சரியில்லை, மற்றது வீங்கி மூடிக்கொண்டே வந்தது. இன்னும் ஒரே ஒரு ரவுண்டு. அவர் போகிறேன் என்று அடம்பிடித்தார். அவருடைய கோச் எடி ஃபட்ச், போதும் உட்கார், நீ இன்றைக்குச் செய்ததை யாரும் மறக்க மாட்டார்கள் என்று சொல்லிச் சண்டையை முடித்துவிட்டார். சாவுக்குப் பக்கத்தில் போய்வந்த மாதிரி இருந்தது என்று ஜெயித்த அலியே சொன்னார்.

உங்களுக்கு இது புரியும். அண்ணன் ஒரு தடவை காற்று மாறியதைப் பார்த்துப் பாதி வழியில் போட்டைத் திருப்பிக்கொண்டு வந்தது நினைவிருக்கிறதா? டீசல் நட்டம், வேலையாட்களுக்கு வருத்தம், பயந்தாங்கொள்ளி என்று கரையில் பேச்சு. அன்றைக்கு அண்ணனுக்காக வாசலில் நின்று பேசியது நீங்கள். எடி ஃபட்ச் செய்ததும் அதே காரியம்தான்.

நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தாமல் போன சண்டைகளும் உண்டு. அதை மறைத்துவிட்டு உங்களிடம் பேச மனசு வரவில்லை. 1982ல் தென் கொரியாவின் கிம் டுக்-கூ 14ஆவது ரவுண்டில் விழுந்தார். மூளையில் ரத்தக்கசிவு. சில நாட்களில் இறந்துபோனார். உலகப் பட்டப் போட்டிகள் 15 ரவுண்டிலிருந்து 12ஆகக் குறைந்ததற்கு அந்தச் சாவு முக்கியக் காரணம். அலியும் பின்னாளில் பார்க்கின்சன் நோயோடு நீண்ட காலம் வாழ்ந்தார். இந்த விளையாட்டை நேசிக்கிறவன் இவற்றையும் சேர்த்தே சுமக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நடுவர் சீக்கிரம் நிறுத்திவிட்டார் என்று சிலர் கத்துவார்கள். அவர்களோடு நான் சேர்வதே இல்லை.

அப்புறம், ஆம்பளைகளுக்குப் பிடித்த வெறி என்றீர்கள். மேரி கோம் இரட்டைக் குழந்தை பெற்ற மறு வருடமே, 2008ல், உலகப் பட்டம் வாங்கினார். 2012ல் ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பெண்களுக்கு பாக்ஸிங் வந்தபோது வெண்கலம். மூன்று பையன்களுக்குத் தாயான பிறகு, 2018ல் டெல்லியில் ஆறாவது உலகப் பட்டம். நிஜாமாபாத்தின் நிகத் ஜரீன் 2022லும் 2023லும் உலக சாம்பியன். இவர்களுடைய போட்டிகளில் எனக்குப் பிடித்ததைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

வருகிற ஞாயிறு பூசைக்குப் பிறகு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கின்ஷாசா போட்டியைப் போடுகிறேன். எட்டாவது ரவுண்டு கடைசியில் அலியின் வலக்கையை மட்டும் பாருங்கள். நடுவில் மனசு கேட்கவில்லை, நிறுத்து என்றால் உடனே நிறுத்திவிடுகிறேன்.

பிரியமுடன்,
உங்கள் கொழுந்தன்