முதலில் விலையை எழுதட்டும்

அன்புள்ள பாப்பா,

குவாத்தமாலாவின் சான் ஹுவானில் நீ தங்கியிருக்கும் வீட்டு அக்கா நெய்வதை நேற்று போனில் காட்டினாயே, இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. தறியின் ஒரு முனை தூணில், மறுமுனை இடுப்புப் பட்டையில். பின்னால் சாய்ந்தால் பாவு இறுகுகிறது, முன்னால் வந்தால் தளர்கிறது. பாதித் தறி அவர் உடம்புதான். சாயம் நிற்க வாழைத்தண்டுச் சாறு சேர்க்கிறார்கள் என்றாய். வாழைக்கறை பிடித்தால் விடாது என்பது நம் வீட்டுச் சட்டைகளுக்கே தெரியும்!

நெய்கிற பெண்களுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லித்தர நீ நடத்தும் வகுப்புக்கு வருகிறவர்கள் குறைகிறார்கள் என்று வருத்தப்பட்டாய். அவர்கள் வீட்டில் பேசுவது சுதுஹில் என்ற மாயா மொழி. ஸ்பானிஷ் அவர்களுக்குப் பள்ளிக்கூடத்து மொழி, பேங்க் மொழி. அந்த நாட்டில் 1960-ல் தொடங்கிய உள்நாட்டுப் போர் 1996-ல்தான் முடிந்தது. அந்த வருஷங்களில் சிறுமிகளாக இருந்தவர்களில் எத்தனை பேர் பள்ளிக்கூட வாசலை மிதித்திருப்பார்கள்? இழை இழையாக எண்ணிப் பறவையும் பூவும் எடுக்கிறவர்களுக்குக் கணக்கு வராமலா போகும்?

1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் நான் பாடம் எடுத்தபோது அ, ஆ என்று தொடங்கவில்லை. முதல் பாடமே ‘பட்டா’, ‘படி’. நிலமில்லாதவர்களுக்குப் பட்டா என்ற சொல் சும்மா எழுத்து இல்லை. லாந்தர் வெளிச்சத்தில் அதை விரலால் தடவிப் பார்த்தவர்கள் உண்டு.

நீயும் ரசீதிலிருந்து தொடங்கு. அந்தப் பெண்கள் நெய்து போடும் ஒரு உய்பில் சட்டைக்கு நூல் அந்த ஊர்ப் பணத்தில் எத்தனை கெட்சால், எத்தனை நாள் உட்கார்ந்தார், இடைத்தரகர் என்ன கொடுத்தார், எல்லாவற்றையும் அவர்களே எழுதட்டும். படகில் வரும் பயணிகளுக்குப் பிடிக்கும் என்று நிறத்தை மாற்றச் சொல்லாதே. அந்தச் சட்டையைப் பார்த்தே எந்த ஊர் என்று சொல்வார்களாம். மாற்றுவதா வேண்டாமா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.

அப்புறம் ஒன்று, பாப்பா. இயக்கம் ஓய்ந்த பிறகு என்னிடம் படித்த சிலர் கையெழுத்தைத் தவிர மற்றதை மறந்துவிட்டார்கள். படிக்கவும் எழுதவும் அவர்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அது இன்றும் எனக்கு ஆறவில்லை. நீ மூன்று மாதத்தில் திரும்பிவிடுவாய். வாங்குகிறவர்களின் நம்பர் உன் போனில் இருக்கக் கூடாது, அவர்கள் நோட்டில் அவர்கள் கையெழுத்தில் இருக்க வேண்டும். ஆர்டர் வந்தால் அவர்களே பேசட்டும். தடுமாறினாலும் நீ குறுக்கே போகாதே.

நேரத்துக்குச் சாப்பிடு. அந்த அக்கா எழுதும் முதல் பில்லைப் படம் எடுத்து அனுப்பு. எனக்கு மொழி புரியாவிட்டாலும் எண் புரியும்.

அன்புடன்,
அம்மா