பேட்மன் கார்டு கேட்டு வரும் தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கு,

வணக்கம். திருவல்லிக்கேணியில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருப்பவன் எழுதுகிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், லெட்டர்ஹெட் எல்லாம் உண்டு, ஆனால் வயிறு நிறைவது விசிட்டிங் கார்டில்தான். அப்பா காலத்தில் டிரெடில் மிஷினைக் காலால் மிதித்து அடித்தோம். இப்போது ஆஃப்செட்டும் டிஜிட்டலும். அச்சடிக்கிறவனுக்கு சினிமா விமர்சனம் எதற்கு என்று கேட்காதீர்கள். நீங்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் அந்தப் படத்தின் மிகப் பிரபலமான காட்சியே விசிட்டிங் கார்டைப் பற்றியது. அந்த ஒரு காட்சியில் உங்களைவிட எனக்குப் பாத்தியதை கொஞ்சம் கூடுதல்.

'அமெரிக்கன் சைக்கோ'வைத்தான் சொல்கிறேன். 2000-இல் வந்தது. இயக்கியவர் மேரி ஹாரன், நாயகன் கிறிஸ்டியன் பேல். கதாபாத்திரத்தின் பெயர் பேட்ரிக் பேட்மன்: பகலில் நியூயார்க்கின் நிதிச் சந்தையான வால் ஸ்ட்ரீட்டில் பணக்கார ஆபீஸர், ராத்திரியில் கொலைகாரன். (வௌவால் வேஷம் போடும் பேட்மேன் வேறு ஆள். ஐந்து வருஷம் கழித்து இதே நடிகர் அந்த வேஷத்தையும் போட்டுத் தொலைத்ததால் என் கடையில் பலமுறை குழப்பம் வந்திருக்கிறது.)

கொஞ்ச நாளாக மாதத்துக்கு ஒருத்தராவது வந்துவிடுகிறீர்கள். போனை நீட்டுகிறீர்கள். திரையில் கோட்டு சூட்டுடன், காதில் ஹெட்போனுடன் ஒருத்தன் நடந்துவருகிறான், பின்னால் தடதடவென்று ஒரு பீட், கீழே 'சிக்மா' என்று எழுத்து (யாரையும் சட்டைசெய்யாத கெத்தான ஆம்பளை என்று அர்த்தமாம்). அடுத்த ஸ்கிரீன்ஷாட்டில் ஒரு கார்டு. "அண்ணா, இதே மாதிரி வேணும். போன் கலர். ஃபாண்ட் பேரு சிலியன் ரெயில்." முதல் முறை கேட்டபோது, கையில் வைத்திருக்கும் போனின் நிறத்தைச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டேன். எலும்பு நிறமாம். சிலியன் ரெயில் என்று உலகத்தில் எந்த எழுத்துருவும் கிடையாது, அது படத்துக்காகச் சொன்ன பெயர் என்றால் நம்ப மறுக்கிறீர்கள். "நல்லா தேடுங்கண்ணா" என்கிறீர்கள்.

உங்களில் ஒருவர் போன தை மாதம் வந்தார். பெயர் வேண்டாம். புதிதாகத் தொழில் தொடங்குகிறார், பெயருக்குக் கீழே 'ஃபவுண்டர் அண்டு சி.இ.ஓ.'. மூன்று நாள் என் உயிரை எடுத்தார். காகிதத்தின் கனம் 300 ஜி.எஸ்.எம். போதாது, 350 வேண்டும். ஐவரி போர்டு வேண்டாம், பருத்திக் காகிதம் வேண்டும். எழுத்து கொஞ்சம் எழும்பி நிற்கவேண்டும், ஆனால் அது தெரியக்கூடாது, விரலுக்கு மட்டும் தட்டுப்படவேண்டும். சாம்பிள் கார்டை ஜன்னலோரம் கொண்டுபோய் வெயிலில் சாய்த்துப் பார்த்தார், கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார். சத்தியமாகக் கன்னத்தில்தான். அச்சுக்கு முன் சரிபார்க்கப் புரூஃப் கொடுத்தேன், கையெழுத்துப் போட்டார். 200 கார்டு அடித்து, வெட்டி, டப்பாவில் வைத்துக் கொடுத்தேன். நாலாம் நாள் முகம் செத்துப்போய் வந்து நின்றார். போன் நம்பரில் ஒன்பது இலக்கம்தான் இருந்தது. அவர் டைப் செய்து அனுப்பியதிலேயே ஒன்று குறைந்திருந்தது, நானும் பார்க்கவில்லை. மறு அச்சுக்கு ஆளுக்குப் பாதி என்று முடித்துக்கொண்டோம்.

அன்றைக்கு ராத்திரி அந்தக் காட்சியை மறுபடி போட்டுப் பார்த்தேன். ஒரு நீள மேஜை. நாலு பேர் இருக்கிறார்கள், அதில் மூன்று பேர் ஆளுக்கொரு கார்டை எடுத்துக் காட்டுகிறார்கள். ஒன்று எலும்பு வெள்ளை, ஒன்று முட்டையோட்டு வெள்ளை, இன்னொன்று 'பேல் நிம்பஸ்', அதாவது வெளிர் மேக வெள்ளை. கடைசியில் அங்கே இல்லாத பால் ஆலன் என்ற சக ஊழியனின் கார்டு வருகிறது. அதில் வாட்டர்மார்க்! பேட்மனுக்கு வியர்க்கிறது, கை நடுங்கி கார்டு நழுவுகிறது. என் தொழில் வாழ்க்கையில் ஒரு கார்டுக்கு இத்தனை மரியாதை கிடைத்து நான் பார்த்ததில்லை. (வாட்டர்மார்க் எங்கள் கையில் இல்லை. காகித ஆலையில் கூழ் ஈரமாக இருக்கும்போதே விழுந்தால்தான் உண்டு. 'அதுவும் போட்டுக் குடுங்கண்ணா' என்று யாரும் இனிமேல் கேட்கவேண்டாம்.)

இப்போது படத்தை நிறுத்திவைத்து, கார்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். எங்கள் தொழிலில் அச்சிடவேண்டிய வாசகத்துக்கு 'மேட்டர்' என்று பெயர். அந்த மேட்டரைப் படியுங்கள். எல்லாருக்கும் ஒரே பதவி, வைஸ் பிரசிடெண்ட். எல்லாக் கார்டிலும் ஒரே போன் நம்பர். கம்பெனிப் பெயருக்குக் கீழே 'மெர்ஜர்ஸ் அண்டு அக்விசிஷன்ஸ்' (கம்பெனிகளை இணைப்பதும் வாங்குவதும்) என்று வரவேண்டிய இடத்தில் 'ஏ'-க்கு அடுத்த 'சி' விழுந்துபோயிருக்கிறது. ஒரு கார்டில் இல்லை, எல்லாக் கார்டிலும். கலைப் பிரிவின் கைத்தவறாகவே இருந்துவிட்டுப் போகட்டும், அந்தப் படத்துக்கு அதைவிடப் பொருத்தமான தவறு கிடைக்காது. நாலு படித்த பணக்காரர்கள், நிறத்தையும் தடிமனையும் எழும்பிய எழுத்தையும் தடவித் தடவிப் பார்த்தவர்கள், தங்கள் தொழிலின் பெயரே தப்பாக இருப்பதைப் படிக்கவில்லை.

தம்பிகளே, கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்களும் படத்தை அப்படித்தான் பார்த்திருக்கிறீர்கள். பேப்பரைத் தடவிப் பார்த்தீர்கள், மேட்டரைப் படிக்கவில்லை.

அவன் நடந்துவரும் அந்தத் துண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் அவன் காதில் ஓடுவது உங்கள் தடதட பீட் இல்லை, துள்ளல் பாப் பாட்டு. நடந்துபோய் ஆபீஸில் உட்கார்ந்து என்ன செய்கிறான்? படம் முழுக்க அவன் ஒரு வேலை பார்த்ததாக உங்களால் காட்டமுடியுமா? டோர்சியா என்ற ஓட்டலுக்குப் போன் போட்டு ராத்திரிக்கு மேஜை கேட்கிறான், எடுத்தவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். பால் ஆலன் இவனை வேறு ஒருத்தன் என்று நினைத்துக்கொண்டே பேசுகிறான். அந்த வேறொருத்தனும் இவனும் ஒரே பார்பரிடம் முடி வெட்டிக்கொள்கிறார்கள், தன்னுடைய கட்டிங் கொஞ்சம் உசத்தி என்பதில்தான் நம் ஆளுக்கு ஆறுதல். கடைசியில் தன் வக்கீலிடம் கொலைகளை ஒப்புக்கொண்டால், வக்கீலும் ஆளை மாற்றிப் புரிந்துகொண்டு, "பேட்மன் ஒரு சோப்ளாங்கி, அவனா இதைச் செய்வான்" என்கிற கணக்கில் பதில் சொல்லிவிட்டுப் போகிறான். இந்த இடங்கள் எதுவும் ரீலில் வருவதில்லை. வெட்டுகிறவனுக்கு எதை வெட்டவேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

மேரி ஹாரனும் உடன் எழுதிய கினவியர் டர்னரும் பெண்கள். இரண்டு பெண்கள் சேர்ந்து, கண்ணாடியில் தன் புஜத்தைப் பார்த்துச் சொக்கும் ஆண்களைக் கிண்டல் செய்து எடுத்த படம். வால் ஸ்ட்ரீட் பையன்கள் இதைத் தோளில் தூக்கிக்கொள்வார்கள் என்று தாங்கள் நினைத்ததே இல்லை என்று ஹாரனே பேட்டியில் சொல்லியிருக்கிறார். கேலி செய்யப்பட்டவனே கைதட்டினால் கேலி செய்தவர் என்னதான் செய்வார்?

இதில் வேடிக்கை, படத்தில் வரும் சூட்டையும் வாட்சையும் விற்கும் கம்பெனிக்காரர்களுக்கு விஷயம் சரியாகப் புரிந்திருந்தது. படத்தின் முதல் பார்வையாளர்கள் அவர்கள்தான் என்பேன். பேல் தங்கள் சூட்டைப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் கொலை செய்யும்போது கூடாது என்றது செருட்டி. பேட்மன் கையில் மட்டும் தங்கள் கடிகாரம் வேண்டாம் என்றது ரோலக்ஸ். அதனால் படத்துக்கு மூலமான நாவலில் 'ரோலக்ஸைத் தொடாதே' என்று வரும் வசனம் படத்தில் வெறும் 'வாட்சைத் தொடாதே' ஆயிற்று. பிணத்தை அடைத்து இழுத்துப்போகத் தன் பையைத் தரமுடியாது என்று ஒரு நிறுவனம் கைவிரிக்க, பை ழான் போல் கோத்தியே என்ற ஃபேஷன் வடிவமைப்பாளரிடமிருந்து வந்தது. படத்தில் அந்தப் பையை டாக்சியில் ஏற்றும்போது எதிரே வரும் நண்பன், உள்ளே என்ன என்று கேட்பதில்லை. பை எங்கே வாங்கினாய் என்று கேட்கிறான். தியேட்டரில் சிரிப்பு வரவேண்டிய இடம் அது. என்னோடு பார்த்த ஒரு தம்பி கூகுளில் பையின் விலையைத் தேடினார்.

அந்தக் கொலைகள் எல்லாமே அவன் கண்ட கனவு என்று சொல்லும் கட்சி ஒன்றும் உங்களில் இருக்கிறது. அப்படி நினைத்துக்கொண்டு ஜனங்கள் வெளியே வருவது தன்னுடைய தோல்வி என்று ஹாரன் சொன்னதுண்டு. எனக்கு அந்த வீட்டுக் காட்சி போதும். பிணங்களை விட்டுவிட்டு வந்த பால் ஆலனின் வீட்டுக்கு அவன் திரும்பிப் போகிறான். வெள்ளையடித்து, பூ வைத்து, வீடு பளபளக்கிறது. வீட்டை விற்க வந்திருக்கும் அம்மாள், டைம்ஸ் பத்திரிகையில் விளம்பரம் பார்த்துத்தானே வந்தீர்கள் என்று கேட்கிறார். ஆமாம் என்கிறான். "டைம்ஸில் விளம்பரமே வரவில்லை" என்கிறார் அவர். கிளம்பிப் போய்விடுங்கள், தொந்தரவு செய்யாதீர்கள், திரும்ப வராதீர்கள். அந்த அம்மாளுக்கு எவ்வளவு தெரியும் என்று படம் சொல்வதில்லை. மன்ஹாட்டனில் அந்த மாதிரி ஒரு வீடு என்ன விலை போகும் என்று மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும். படத்திலேயே என்னைப் பயமுறுத்தியது கோடாலி இல்லை, அந்த அம்மாளின் குரல்.

படத்தைப் பார்க்கவே மாட்டோம் என்பவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அவர்களைப் 'பூமர்' என்று ஓட்டுகிறீர்கள். பிரெட் ஈஸ்டன் எல்லிஸின் மூல நாவலை 1990-இல் ஒரு பெரிய பதிப்பகம் கடைசி நேரத்தில் கைவிட்டது, 1991-இல் இன்னொன்று வெளியிட்டது. பெண்கள் அமைப்புகள் புறக்கணிக்கச் சொன்னன. எதிர்த்தவர்களில் அமெரிக்கப் பெண்ணுரிமைப் போராளி குளோரியா ஸ்டைனமும் ஒருவர். பிற்பாடு படம் வந்த அதே 2000-இல் அவர் மணந்துகொண்டது கிறிஸ்டியன் பேலின் தகப்பனாரை! கதை எழுதுகிறவன் இப்படி எழுதினால் அடிக்க வருவார்கள். இந்தப் பக்கம் அமெரிக்கத் தணிக்கைக் குழு முதலில் ஆகக் கடுமையான சான்றிதழைக் கொடுத்ததற்குக் காரணம் ஒரு படுக்கையறைக் காட்சி. கோடாலியும் சங்கிலி ரம்பமும் அவர்களை அவ்வளவாக உறுத்தவில்லை. சில நொடிகளை வெட்டியதும் சரியாகிவிட்டது.

என் மனைவியும் ஒரு பார்வையாளர். படுக்கை விரிப்பில் ரத்தக்கறையோடு வந்து சலவைக்கடை அம்மாளிடம் அவன் கத்தும் காட்சியில் வாய்விட்டுச் சிரித்தாள். "பச்சைத் தண்ணியில ஊற வைக்கணும்டா, வெந்நீர் பட்டா கறை போகாது" என்று திரையைப் பார்த்து யோசனையும் சொன்னாள். பால் ஆலனை மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு வெட்டும்போதும் எழுந்திருக்கவில்லை. தரையில் அவன் விரித்திருந்த செய்தித்தாளைப் பார்த்து, அதுவும் ஸ்டைல் பக்கமாக ஏன் விரித்திருக்கிறாய் என்று சாகப்போகிறவன் கேட்டபோது என்னைத் திரும்பிப் பார்த்தாள். நம்ம வீட்டிலும் பழைய பேப்பருக்கு அந்த மரியாதைதான். ஆனால் தெருவிலிருந்து அழைத்துவந்த அந்தப் பெண், கிறிஸ்டி, ஒருமுறை அடிபட்டுப் போனவள், இரண்டாம் முறை கார் வந்து நிற்கும்போது தயங்கித் தயங்கி ஏறுவாள் பாருங்கள், அங்கே எழுந்துவிட்டாள். "அவ மூஞ்சியப் பாத்தியா" என்றாள். அடுக்களையில் விளக்கெரிந்தது. அதற்குப் பிறகு வரவில்லை. படத்தை அவள் சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களைவிட அதிகமாகவே பார்த்துவிட்டாள் என்று தோன்றியது. கேமரா அந்த முகத்தில் நிற்கிறது, நீங்கள் அவனுடைய தலைமுடியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

நான் மட்டும் யோக்கியன் என்று எழுதவில்லை. பால் ஆலனின் கார்டு எனக்கும் வேண்டும். அந்த மங்கல் வெள்ளைக்காகப் பேப்பர் கடையில் அரை நாள் நின்றிருக்கிறேன், பருத்திக் காகிதம் வாங்கி எனக்கென்று இருபது கார்டு அடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு, யாராவது கேட்கமாட்டார்களா என்று ஒரு கல்யாண வீட்டில் சுற்றியிருக்கிறேன். யாரும் கேட்கவில்லை. க்யூ.ஆர். காட்டுங்கள் என்றார் ஒருத்தர். உங்கள் ஆசை இல்லையென்றால் என் கட்டிங் மிஷினுக்கு வேலையும் இல்லை. ஆகவே கார்டு வேண்டாம் என்று யாரையும் திருப்பி அனுப்பப் போவதில்லை. எலும்பு வெள்ளையோ முட்டையோட்டு வெள்ளையோ, வாருங்கள், அடித்துத் தருகிறேன். கன்னத்தில் தேய்த்தும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒன்பது இலக்கக் கார்டுகள் இன்னும் என் மேஜையில்தான் கிடக்கின்றன. நல்ல தடிமன், பின்பக்கம் வெறுமை, எஸ்டிமேட் எழுத வசதி. இந்த மடலின் குறிப்புகளையும் அவற்றில்தான் எழுதினேன், பதினோரு கார்டு ஆயிற்று. இனி புரூஃப் அனுப்பினால் வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைத் தட்டிவிட்டு நகராதீர்கள். அதில் இருக்கும் நம்பருக்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள். உங்கள் பாக்கெட்டில் அடித்தால் மிஷினை ஓட்டுகிறேன்.

இப்படிக்கு,
திருவல்லிக்கேணியில் கார்டு அடிக்கும் அண்ணன்