ரோமானியத் துணைக் குதிரைப்படை: சில திருத்தங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு பதிப்பில் ரோமானியப் படை பற்றி வந்த கட்டுரை, துணைக் குதிரைப்படையினரை (பெரும்பாலும் ரோமானியக் குடியுரிமை இல்லாத மக்களிடமிருந்து திரட்டப்பட்டவர்கள்) போர் மூளும்போது வந்து, கொள்ளையில் பங்கு வாங்கிக்கொண்டு ஊர் திரும்பும் கூட்டமாகக் காட்டுகிறது. முதலாம் படிவத்தில் ரோமானிய நாகரிகம் படிக்கும் பிள்ளைகள் இதை வெட்டி ஒட்டிவிடக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

சீசர் காலத்துக்கு அந்த வருணனை ஓரளவு பொருந்தும். முதல் பேரரசர் அகஸ்டஸுக்குப் பின் அவர்கள் சம்பளம் பெறும் நிரந்தரப் படையினர். 'ஆலா' எனப்படும் குதிரைப்படைப் பிரிவில் 16 'துர்மா' குழுக்கள். குழுவுக்கு முப்பது பேருக்குச் சற்று மேல், ஆக ஏறக்குறைய 500 பேர். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தெக்குரியன் தலைவர். இது தவிர, 480 காலாட்களோடு 120 குதிரைவீரர்கள் சேர்ந்த கலப்புப் பிரிவுகளும் இருந்தன. இந்தக் கலப்புப் பிரிவின் குதிரைவீரர்களுக்கு, ஆலா வீரர்களைவிட மதிப்பும் சம்பளமும் குறைவு. கி.பி. 128இல் வட ஆப்பிரிக்காவின் லம்பேசிஸில் பயிற்சியைப் பார்வையிட்ட பேரரசர் ஹேட்ரியன், கலப்புப் பிரிவினரின் குதிரையும் ஆயுதமும் அவர்கள் வாங்கும் சம்பளத்துக்கு ஏற்றபடிதான் இருக்கும் என்று வெளிப்படையாகவே சொன்னார். அந்தப் பேச்சு கல்வெட்டாகவே கிடைத்திருக்கிறது.

கட்டுரையாளர் பிரிவின் பெயரை வைத்து வீரர்களின் இனத்தையும் முடிவு செய்துவிடுகிறார். தைப்பிங்கில் 1896இல் அமைந்த மலாய் ஸ்டேட்ஸ் கைட்ஸ் படைக்குப் பஞ்சாபிலிருந்து ஆள் எடுத்துவந்தது போல ரோமானியர் ஒரே ஊரிலிருந்து தொடர்ந்து ஆள் எடுத்துக்கொண்டிருக்கவில்லை. கோல் நாட்டில் (இன்றைய பிரான்ஸ் பகுதி) திரட்டிய ஒரு பிரிவு டானூப் ஆற்றங்கரையில் இரண்டு தலைமுறை தங்கினால், காலியிடங்களை அக்கம்பக்கத்து இளைஞர்களே நிரப்புவார்கள். பெயர் மட்டும் கோலர் பிரிவு என்றே நிற்கும். விதிவிலக்கு உண்டு: பேரரசர் டிராஜன் டேசியாவில் (இன்றைய ருமேனியா) நடத்திய போரில் லூசியஸ் குயீட்டஸ் தலைமையில் வந்த, வட ஆப்பிரிக்காவின் மூர் குதிரைவீரர்கள். அப்போரைச் சித்திரிக்கும், ரோமிலுள்ள டிராஜன் தூணில் சுருள்முடியோடு, கடிவாளம் இல்லாமல் பாய்பவர்கள் இவர்கள்தான். இவர்களைப் பார்த்து எல்லாரையும் அப்படியே எண்ணிவிட்டார் போலும்.

கட்டுரையோடு வந்த படத்தில் வீரர் அங்கவடியில் (சேணத்திலிருந்து தொங்கும் கால்வளையம்) கால் ஊன்றியிருக்கிறார். ஐரோப்பாவுக்கு அங்கவடி வந்ததே 6ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அவார் என்ற நாடோடி மக்களோடு. அது இல்லாமல் எப்படிக் குத்துவது என்று கேட்கலாம். பதில் சேணத்தில் இருக்கிறது. ரோமானியச் சேணத்துக்கு நான்கு மூலையிலும் நான்கு கொம்புகள். முன் கொம்பு இரண்டும் வெளிப்பக்கம் சாய்ந்து தொடைக்கு மேல் வரும். பின் இரண்டும் இடுப்பைத் தாங்கும். ஒரு பக்கம் சாய்ந்து வாளை வீசினால் மறுபக்கத் தொடை கொம்பில் மாட்டி நிறுத்தும்; ஈட்டி பட்ட அதிர்ச்சியில் பின்னே தள்ளினால் பின் கொம்பு பிடித்துக்கொள்ளும். கொம்புகளுக்கு இடையிலான அகலம் ஆளுக்குப் பொருந்த வேண்டும்: கூடினால் பிடி இல்லை, குறைந்தால் தொடை கன்றிப்போகும். வயிற்றுவார் தளர்ந்துவிட்டால் கொம்பே எமன். சேணம் ஆளோடு சேர்ந்து புரளும். கொம்புகளுக்கான வெண்கல உறைகள் ஸ்காட்லாந்தின் நியூஸ்டெட்டில் கிடைத்துள்ளன.

ஏறுவதற்கும் அங்கவடி இல்லை. அதனால் மரக்குதிரையில் இடப்பக்கமும் வலப்பக்கமும் தாவி ஏறப் பயிற்சி. முதலில் வெறுங்கையோடு, பிறகு கேடயமும் உருவிய வாளுமாக. குளிர்காலத்தில் இதைக் கூரைக்குள் நடத்தினார்கள் என்று ரோமானியப் போர்க்கலை நூலாசிரியர் வெஜீஷியஸ் குறிப்பிடுகிறார்.

கொள்ளைப் பங்குக்காக வந்தார்கள் என்பதற்கும் சான்று எதிராகவே உள்ளது. 25 ஆண்டு பணி முடித்தவருக்கு ரோமானியக் குடியுரிமை. அதற்கான பத்திரம் கம்பியால் கட்டிய இரண்டு வெண்கலத் தகடுகள், ஏழு சாட்சிகளின் முத்திரையோடு. வாசகம் உள்ளேயும் வெளியேயும் பொறிக்கப்பட்டிருக்கும். வெளியே திருத்தியதாகச் சந்தேகம் வந்தால் முத்திரையை உடைத்து உள்ளே பார்க்கலாம். 140 வாக்கில் ஒரு மாற்றம் வந்தது: பணிக்காலத்தில் பிறந்த பிள்ளைகளுக்குத் தந்தையோடு குடியுரிமை கிடைப்பது நின்றது. 212இல் பேரரசின் சுதந்திர மக்கள் ஏறத்தாழ அனைவருக்கும் பேரரசர் கரகல்லா குடியுரிமை வழங்கிய பிறகு, அதைக் காட்டி ஆள் சேர்க்கவும் வழியில்லாமல் போயிற்று.

அன்புடன்,
வரலாற்று வாசகர்,
புக்கிட் மெர்தாஜாம், பினாங்கு