மாண்டிசெல்லோவைச் சுற்றிக்காட்டும் தமிழ் வழிகாட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

அமெரிக்க அதிபராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் வர்ஜீனியாவில் கட்டிய மாண்டிசெல்லோ வீட்டுக்கு, ஊரிலிருந்து வரும் பெற்றோர்களை அழைத்துப் போகிறீர்கள். சாப்பாட்டு அறையில் பளீரென்ற மஞ்சள் சுவரைக் காட்டி, விருந்தினர் பெயர்களை அடுக்கிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். முதலில் கீழே, சமையலறைக்குக் கூட்டிப்போங்கள். அதைப் பார்க்காதவர்களுக்கு மேலே இருப்பதெல்லாம் வெறும் விளையாட்டுச் சாமானாகத்தான் தெரியும்.

சமையலறையில் கரியில் எரியும் எட்டுக் கண் அடுப்பு இருக்கிறது. 1809 முதல் அங்கே தலைமைச் சமையற்காரர் எடித் ஃபாசெட். ஜெஃபர்சனின் அடிமை, அவர் அதிபராக இருந்தபோது வாஷிங்டனில் ஒனோரே ஜூலியன் என்ற பிரெஞ்சுக்காரரிடம் தொழில் பழகியவர். எடித் சமைத்தது நிலவறை நடைவழியாக வந்து, குறுகலான படியேறி, சாப்பாட்டு அறைக்கு வெளியே நின்றது. அங்கே உள்ள கதவைக் கட்டாயம் காட்டுங்கள். கதவு நடுத்தண்டில் சுழலும். ஒரு பக்கம் முழுக்கத் தட்டுப் பலகைகள். வெளியே பாத்திரங்களை அடுக்கித் திருப்பினால் உணவு உள்ளே போகும், கொண்டுவந்தவர் வெளியிலேயே நிற்பார். மேசையருகே நகர்த்திவைக்கும் அடுக்குத் தாங்கிகளாலும் பரிமாற ஆள் குறைந்தது, பேச்சைக் கேட்கும் காதுகளும் குறைந்தன.

சாப்பாட்டு அறைக் கணப்படுப்பின் இரு பக்கமும் உள்ள சிறு தூக்கிகள், நேர்கீழே இருக்கும் மது அறையிலிருந்து புட்டிகளை மேலேற்றின. 1824 டிசம்பரில் வந்து தங்கிய அமெரிக்க அரசியல்வாதி டேனியல் வெப்ஸ்டர், மேசைவிரிப்பை எடுத்த பிறகுதான் மது வரும் என்று எழுதிவைத்தார். சாப்பாடு பாதி வர்ஜீனியா, பாதி பிரெஞ்சுப் பாணி என்றும் குறித்தார். அந்தப் பிரெஞ்சுப் பாதி எடித்தின் கைப்பக்குவம் என்பதை அந்த இடத்திலேயே சொல்லுங்கள்.

வெப்ஸ்டர் வருவதற்கு முந்தைய மாதம், அமெரிக்க விடுதலைப் போரில் பங்கெடுத்த பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத் வந்தார். முன்னாள் அதிபர் ஜேம்ஸ் மாடிசன் வந்து சேர்ந்தபோது எல்லோரும் உணவுக்குப் பின்வரும் இனிப்பைத் தொடங்கியிருந்தார்கள். இதைச் சொல்லும்போது ஜெஃபர்சனின் இன்னொரு அடிமையான இஸ்ரேல் கில்லெட்டையும் சொல்லுங்கள். அடிமைகளுக்கு விடுதலை வேண்டும் என்று ஜெஃபர்சனிடம் லஃபாயெத் வாதாடியதை, வண்டியோட்டிப் போன அவர் கேட்டார்; 1873இல் அதைப் பதிவும் செய்தார். சாப்பாட்டு அறையில் அத்தனை ஏற்பாடு செய்தும், வண்டியில் அந்தக் காதுக்குத் தடை இல்லை.

ஜெஃபர்சன் 1826இல் இறந்தார். 1827 ஜனவரியில் எடித்தையும் பிள்ளைகளையும் ஏலம் விட்டார்கள். நேரம் போதாவிட்டால் கணப்படுப்பில் பதித்த வெட்ஜ்வுட் பீங்கான் வில்லைகளை விட்டுவிடுங்கள். ஏலத்தை விடாதீர்கள்.

இப்படிக்கு,
பழைய வீடுகளின் வரலாற்றில் அக்கறை கொண்டோர்