செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் உழைத்த முதியவர்களை வைத்து நாம் எடுத்த படத்தைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கிப் பேட்டி எடுத்தவர்களுக்கு முதலில் நன்றி.

தலைப்பிலேயே சிக்கல் வந்தது. 'ஏற்காடு' என்பது தட்டச்சு செய்வதுபோல் எழுத்தெழுத்தாக வரட்டும் என்று வைத்தோம். திரையில் 'ஏற' வந்தது, அப்புறம் புள்ளி வந்தது. 'க' வந்தது, அப்புறம் கால் வந்தது. நமக்கு அது 4 எழுத்து. கணினியின் எழுத்துக் குறியீடான யூனிகோடில் புள்ளி, கால், உகரக் குறி எல்லாம் தனித்தனி என்பதால் 7. மென்பொருள் அந்த 7-ஐத்தான் எண்ணியது. அதனால் முழுச் சொல்லையும் வைத்து, அதன்மேல் மறைப்பாக ஒரு மாஸ்க் போட்டு, தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கும் இரண்டு கீஃப்ரேமில் அதை இடமிருந்து வலமாக விலக்கினோம். சரியாக வந்தது. கேடென்லைவ் என்ற எடிட்டிங் மென்பொருள் வைத்திருப்பவர்கள் தட்டச்சு விளைவையே சொல் சொல்லாக வரும்படி மாற்றிக்கொள்ளலாம்.

ஒலியில் நடந்ததுதான் மனதைச் சங்கடப்படுத்தியது. நாகலூர்ப் பாட்டி ஒருவர் தன் மாமியாரைப் பற்றி, "மூட்டையத் தூக்கிட்டு இறங்கி வந்தாங்க" என்று சொல்லியிருந்தார். கடைசியில் குரல் தணிந்ததால் திரையில் ஒலியைக் காட்டும் அலைவடிவம் அங்கே மெலிந்து, மௌனம்போலத் தெரிந்தது. பெரிதாக்கிப் பார்க்காமல் வெட்டினோம். 'ங்க' போய்விட்டது. திரையிடலில் "இறங்கி வந்தா" என்று கேட்டதும் பாட்டி எழுந்து, "எங்க அத்தைய நான் அப்படிச் சொல்லுவனா சாமி?" என்றார். அரங்கில் யாருக்கும் பேச்சு எழவில்லை. தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. யார், எத்தனை பேர், மரியாதை உண்டா என்பதெல்லாம் அதன் வாலில்தான் இருக்கிறது. அந்த வாலைத்தான் நாம் நறுக்கிவிட்டோம்.

நல்லவேளை, துண்டுகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனில் வெட்டினால் மூலக் கோப்பு அழிவதில்லை. கிளிப்பின் ஓரத்தைப் பிடித்து வலப்பக்கம் இழுத்ததும் 'ங்க' திரும்பி வந்தது. நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் 40 மில்லி விநாடி. சில ஃபிரேம்களில் ஒருவருடைய மரியாதையே அடங்கியிருக்கிறது. சில்வண்டுச் சத்தம் வெட்டிய இடத்தில் திடுக்கென்று மாறியதற்கு, ஒரு ஒலி தணியத் தணிய அடுத்தது எழும்படி கிராஸ்ஃபேட் கொடுத்தோம். தோட்டத்தில் யாரும் பேசாத ஒரு நிமிடத்தைத் தனியாகப் பதிந்து வந்திருந்தது அதற்கு உதவியது. இனி எந்தப் பேட்டிக்குப் போனாலும் அதைச் செய்துவிடுங்கள்.

வெட்டி முடித்ததும், எடிட் செய்யாத ஓர் உறுப்பினர் கண்ணை மூடிக்கொண்டு முழு ஒலியையும் ஹெட்ஃபோனில் கேட்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவருகிறேன். அதற்கு ஒரு நல்ல ஹெட்ஃபோன் வாங்கவும் ஒப்புதல் கேட்கிறேன்.

திருத்திய படத்தை அடுத்த மாதம் பாட்டியின் வீட்டு வாசலிலேயே போட்டுக் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறோம். புரொஜெக்டரை யார் கொண்டுவருவது என்பதை இன்றே பேசி முடித்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்